மீன் வளையம்

போன வருடம் ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பூங்காவிலும் அங்கிருந்து கலஹாவுக்கு ஏறும் வீதியிலும் நடந்தது இது. எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னமும் இதை நிதானமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லிப் பார்க்கிறேன்.

நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி டீச்சர். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள். பாதிப் பேரின் அம்மாமார் கொழுந்து பறிப்பவர்கள், மற்றவர்கள் டவுனில் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். முன்பள்ளி டீச்சர் என்றால் பொறுமையின் சிகரமாக இருப்பாள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. என்னோடு ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எனக்கு எல்லாம் சட்டென்று நடக்க வேண்டும். நடக்காவிட்டால் கையும் காலும் சும்மா இருக்காது.

அந்த வருடத் தொடக்கத்தில் கண்டி டவுனில் முன்பள்ளி டீச்சர்மாருக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கள வகுப்பு. எனக்குப் பயிற்சி என்றாலே அலர்ஜி. ஒரு ஃபைல், தின்ன ஒரு பணிஸ், கடைசியில் ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான் என்று வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ஆனால் வந்த வளவாளர் வேறு ரகமாக இருந்தார். பயிற்சி நடத்துகிறவர்களை எங்கள் தொழிலில் வளவாளர் என்போம். கண்டியிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் மேடம். இரண்டு மொழி வகுப்பும் அவரேதான் எடுத்தார். மேடைப் பேச்செல்லாம் கிடையாது. எங்களோடு தரையில் உட்கார்ந்து, "கேட்டது போதும், இப்ப தைங்க பாப்போம்" என்று கத்தரிக்கோலை நீட்டிவிடுவார்.

அந்தப் பயிற்சியில் எல்லோருக்கும் ஒரு வளப்பொதி கொடுத்தார்கள். வழிகாட்டிப் புத்தகம், கலர்த் துணித் துண்டுகள், படங்கள் அச்சிட்ட ஒரு பெரிய தாள், ஒரு நீளக் கயிறு. அதை வைத்து நாங்கள் செய்ததுதான் நடைக் கயிறு. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும்போது பிடித்துக்கொண்டு நடப்பதற்கு. கயிறு நெடுகத் துணி வளையங்கள் தைத்து, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு படம் ஒட்ட வேண்டும். வண்ணத்துப்பூச்சி, யானை, குடை, மாம்பழம், மீன் என்று பிள்ளைக்கு ஒரு படம். எழுத்து தெரியாத வயது அல்லவா, அந்தப் படம்தான் பிள்ளையின் பெயர். பை மாட்டும் ஆணியிலும், தண்ணீர்க் கோப்பையிலும், கயிற்றிலும் அதே படம்.

கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டு, கையைத் தட்டினால் போதும். பிள்ளைகள் ஓடிவந்து அவரவர் படத்தைப் பிடித்துக்கொள்வார்கள். டீச்சர் தலை எண்ணத் தேவையில்லை. வெறும் வளையம் எதுவும் தொங்கவில்லை என்றால் எல்லோரும் வந்தாயிற்று. என்னைப் போன்ற அவசரக்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்னொரு விதியும் சொல்லித் தந்திருந்தார்கள். டீச்சர் "வந்துட்டோம், கை விடலாம்" என்று சொல்லும்வரை யாரும் வளையத்தை விடக் கூடாது. இதை நான் இரண்டு மாதம் பள்ளி முற்றத்திலும், கோயில் வரைக்கும், தேயிலைச் செடிகளுக்கு நடுவிலும் பழக்கினேன். பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் மீன், நாலு வயதுப் பெண் குழந்தை. பெயர் சொல்ல மாட்டேன், மீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. கண்ணில் படுகிற எறும்பு, நத்தை, சாக்குப்பை என்று எல்லாவற்றோடும் பேசும். அப்பா கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. அம்மா மலையில் கொழுந்து. பூங்காவுக்குப் போகிறோம் என்று சொன்னதும் அந்த அம்மா பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றார்.

"அங்க பூங்காவச் சுத்தி ஆறு ஓடுதாமே டீச்சர். மழையும் புடிச்சிருக்கு. எனக்கு லீவு போட்டா அன்னிக்குப் பேரு போயிரும், நாள் சம்பளம் கெடைக்காது, கூட வரவும் முடியாது. அடுத்த வருசம் போகட்டும்."

விட்டேனா? எல்லாப் பிள்ளையும் போகும்போது ஒன்று மட்டும் லயத்து வீட்டில் உட்கார்ந்து அழுவதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. "நானே கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டாந்து உங்க கையில விடுறேன். என்னை நம்பி அனுப்புங்க" என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு புது நீல ரெயின்கோட்டோடு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். போகும்போது மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

பூங்காவில் முற்பகல் முழுக்க நல்ல வெயில். என்னோடு உதவிக்கு மூன்று தாய்மார் வந்திருந்தார்கள். கயிறு பிரமாதமாக வேலை செய்தது. பெரிய மூங்கில் அடியில், மரத்தில் தலைகீழாகத் தொங்குகிற வௌவால்களுக்குக் கீழே, புல்வெளி ஓரத்தில் என்று ஒரு பிள்ளைகூடப் பிரியாமல் ரயில் மாதிரி போனோம். போகிற வெளிநாட்டுக்காரர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் எதிரே இன்னொரு ரயில் வந்தது.

அதே கயிறு. அதே கலர் வளையங்கள். அதே படங்கள். குண்டசாலையிலிருந்து வந்த ஒரு சிங்கள முன்பள்ளி. அந்த டீச்சர் என்னைப் பார்த்துத் தன் கயிற்றைத் தூக்கிக் காட்டினார், நான் என்னுடையதைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, நான் சனிக்கிழமை வகுப்பு. ஒரே வளவாளர், ஒரே படத்தாள், ஒரே வரிசை. என்னுடைய சிங்களம் சுமார், அவருடைய தமிழ் அதைவிடச் சுமார், ஆனாலும் மேடம் "இப்ப தைங்க" என்று சொல்லும் விதத்தை அவர் நடித்துக் காட்டியபோது எனக்கு மொழியே தேவைப்படவில்லை.

புல்வெளியில் இரண்டு கூட்டமும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகள் அதற்குள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் யானை அவர்களுடைய யானையைத் தேடிப் பிடிப்பது, எங்கள் குடை அவர்களுடைய குடையைத் தேடிப் பிடிப்பது. சட்டையில் குத்தியிருந்த அட்டையிலும் அதே படம்தானே. எங்கள் மீனுக்கு அங்கே ஒரு பையன் மீன் கிடைத்தான். ஒன்று தமிழில் பேசியது, மற்றது சிங்களத்தில் பதில் சொன்னது. இரண்டும் ஒரு மரத்தின் வேரடியில் குந்திக்கொண்டு எறும்புகளுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அதையும் ஒரு போட்டோ எடுத்தேன்.

பிறகு வானம் கறுத்தது. பேராதனை மழையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தூறல் கீறல் எல்லாம் கிடையாது, கொட்டும். இரண்டு கூட்டமும் வாசல் பக்கத்திலிருந்த ஒரே கூரைக்குக் கீழே ஓடினோம். அங்கே ஏற்கனவே கூட்டம். பிள்ளைகளுக்கு ரெயின்கோட் போட்டுத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டோம். கண்டி மார்க்கெட்டில் அந்த வருடம் வந்ததெல்லாம் நீலமும் சிவப்பும்தான், இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே கலரில் நின்றார்கள். பஸ்காரர் போன் அடித்துக்கொண்டே இருந்தார். "டீச்சர், மேல ரோட்டுல மரம் கிரம் விழுந்தா ராத்திரி வரைக்கும் மாட்டிக்குவோம், சட்டுனு வாங்க." எனக்கா சட்டென்று சொல்லித்தர வேண்டும்?

கயிற்றைத் தரையில் போட்டேன். பக்கத்திலேயே குண்டசாலை டீச்சரும் போட்டார். கையைத் தட்டினேன். அவரும் தட்டினார். பிள்ளைகள் ஓடிவந்து பிடித்தார்கள். மீன் வளையம் மட்டும் கொஞ்ச நேரம் வெறுமையாகக் கிடந்தது. "மீன் எங்க? மீன் வந்தாச்சா?" என்று கத்தினேன். கூட்டத்துக்குள்ளிருந்து நீல ரெயின்கோட் ஒன்று ஓடிவந்து வளையத்தைப் பிடித்தது. "வந்தாச்சு!" என்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். வெறும் வளையம் ஒன்றும் இல்லை. கிளம்பிவிட்டோம்.

பஸ்ஸில் ஏற்றி, உட்கார வைத்து, "வந்துட்டோம், கை விடலாம்" என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டி வைத்ததும் என் உடம்பு அப்படியே தளர்ந்தது. பிள்ளைகள் பாதிப் பேர் பஸ் நகர முன்னமே தூங்கிவிட்டார்கள். ஜன்னலெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஹிந்தகலை ஊரைத் தாண்டி வளைவுகள் தொடங்கின. நான் அந்த வாரத்தில் முதல் தடவையாகக் கண்ணை மூடினேன்.

பின் சீட்டிலிருந்து ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னார். "டீச்சர், இங்க பாருங்களேன், நம்ம மீனு சிங்களத்துல ஒண்ணுக்குப் போகணும்னு கேக்குது."

நானும் சிரித்தேன். பாதி நாள் சிங்களப் பிள்ளையோடு விளையாடிய பலன் என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோய், "என்னடி மீனு?" என்று தொப்பியைத் தூக்கினேன்.

கட்டையாக முடி வெட்டிய ஒரு பையன் தூக்கக் கண்ணோடு என்னைப் பார்த்தான்.

அந்த நொடியை எப்படிச் சொல்ல? காதில் பஸ் சத்தம் நின்றுபோனது. பையனின் ரெயின்கோட்டைத் திறந்தேன். சட்டையில் மீன் அட்டை. எங்கள் அட்டை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் வண்ணத்துப்பூச்சியிடம், "இது யாருடா? நம்ம மீனு எங்க?" என்று உலுக்கினேன். அவன் பயந்துபோய், "நீங்கதானே மீனு வந்தாச்சான்னு கேட்டீங்க டீச்சர். இதுவும் மீனுதானே" என்றான். அவன் சொன்னதில் என்ன பிழை?

"பஸ்ஸ நிப்பாட்டுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் விழித்துக்கொண்டு அழத் தொடங்கின. விஷயத்தைச் சொன்னதும் சாரதிக்கும் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் வண்டியை நிறுத்தவில்லை. "இந்த வளைவுல எங்க திருப்புறது டீச்சர்? பின்னால வர்றவன் நம்ம மேல ஏறிருவான். மேல கடையடிக்குப் போயித்தான் திருப்பலாம். கொஞ்சம் பொறுங்க." பொறு என்ற சொல்லை அன்றைக்கு அளவுக்கு நான் வெறுத்ததே இல்லை. பிள்ளை கீழே எங்கேயோ இருக்கிறது, பஸ் மேலே மேலே ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் நான் அவளைவிட்டு இன்னும் தூரம் போய்க்கொண்டிருந்தேன்.

அட்டையில் பெயர் எழுதக் கூடாது என்பது பயிற்சியில் சொல்லித்தந்த இன்னொரு விஷயம். முன்பின் தெரியாதவன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக. படமும் ஒரு போன் இலக்கமும் மட்டும் போட வேண்டும். பையனின் அட்டையில் இருந்த இலக்கத்தை அடித்தேன். மணி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மறுபடியும் அடித்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது அவர்கள் பள்ளியின் லேண்ட்லைன். பள்ளியே பூங்காவுக்கு வந்துவிட்ட பிறகு பூட்டிய கட்டடத்தில் யார் போன் எடுப்பது?

எங்கள் பிள்ளையின் அட்டையில் என்னுடைய கைப்பேசி இலக்கம்தான் போட்டிருந்தேன். அப்படியென்றால் யாராவது எனக்கு அடித்திருக்க வேண்டுமே? ஒரு அழைப்பும் இல்லை. அவள் அந்தப் பஸ்ஸில்தான் இருக்கிறாள் என்று ஒரு மனது சொல்லும். இருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று அடுத்த மனது கேட்கும். எறும்பைப் பார்த்துக்கொண்டு வேரடியிலேயே குந்தியிருந்தால்? மழைக்குள் என்னைத் தேடி நடக்கத் தொடங்கியிருந்தால்? பூங்காவைச் சுற்றி ஆறு. அவள் அம்மா சொன்ன ஆறு. அந்த மழையில் மகாவலி என்ன நிறத்தில் ஓடும் என்று எனக்குத் தெரியும்.

"அவ அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிரவா டீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டார்.

"இப்ப வேணாம்" என்றேன். ஏன் வேண்டாம் என்று எனக்கே தெரியும். பயம்தான். என்ன சொல்வேன், கொண்டாந்து கையில விடுறேன் என்று சொன்ன பிள்ளையைக் காணவில்லை என்றா?

பயிற்சிக்கு வந்தவர்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. இரண்டு வகுப்புக்காரர்களும் அதில் உண்டு. விடிந்தால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம், பொழுது சாய்ந்தால் நிலாவோடு இரவு வணக்கம் என்று வந்து குவிகிறதே என்று நான் அதன் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது அதில் போய்க் குரலைப் பதிந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. குண்டசாலை, பேராதனை, மீன், அவசரம் என்று தமிழும் சிங்களமும் கலந்து உளறியிருக்கிறேன். அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது. அதற்கடுத்த வளைவில் வந்தது. யாரோ ஒருவர் கும்பிடும் கை போட்டிருந்தார். இன்னொருவர் அழுகிற முகம். வேறொருவர், "என்ன நடந்தது டீச்சர்?" போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடலாம் போல இருந்தது.

கடையடி வந்தது. அந்த மழையில் இரண்டு தாய்மார் இறங்கி முன்னும் பின்னும் நின்று கைகாட்ட, சாரதி அங்குலம் அங்குலமாகப் பஸ்ஸைத் திருப்பினார். நான் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவன் பாவம், முதலிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறானே. கடைக்குப் பின்பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடித்துவிட்டு அவன் தானாகவே என் விரலைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிறோமா என்று சிங்களத்தில் கேட்டான். ஆமாம் என்றேன். அப்போதுதான் இவனுக்கும் ஒரு அம்மா எங்கேயோ காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது என் மண்டையில் ஏறியது. அவன் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பஸ் இறங்கத் தொடங்கியதும் போன் அடித்தது. வளவாளர் மேடம். அவர் பேச்சில் 'சொல்லுங்க' 'செல்லுங்க' ஆகும், 'இருக்கும்' 'ஈக்கும்' ஆகும்.

"செல்லுங்க டீச்சர், என்ன நடந்திச்சு? மெதுவா செல்லுங்க."

சொன்னேன். மெதுவாக இல்லை.

"பயப்பட வாணாம். ரெண்டு கயிறும் பக்கத்துப் பக்கத்துல கெடந்தா இவன் அங்கயும் அவ இங்கயும் மாறிப் புடிச்சிருப்பாங்க. புள்ள அந்த பஸ்ஸுலதான் ஈக்கும். நான் அந்த டீச்சருக்கு எடுக்குறேன். நீங்க லைன்ல வேற யாரோடயும் பேச வாணாம்."

அதன் பிறகு ஒரு காத்திருப்பு. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எழுந்தேன், உட்கார்ந்தேன், கம்பியைப் பிடித்தேன், விட்டேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், இரண்டாவது வரி வரவில்லை. ஒரு தாய் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

போன் மறுபடியும் அடித்தது. தெரியாத இலக்கம். குண்டசாலை டீச்சர். அவர்களுடைய பஸ் கண்டி டவுன் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது, ஹோர்ன் சத்தம் கேட்டது. தன் கயிற்றிலும் வெறும் வளையம் இல்லை, அதனால் மேடம் சொல்லும்வரை தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சிங்களத்தில் சொன்னார். பையன் என்னிடம் இருக்கிறான் என்றேன். "தெய்வமே" என்று அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இப்போது போனைக் கையில் வைத்தபடியே சீட் சீட்டாகத் தொப்பிகளைத் தூக்கிப் பார்க்கிறேன் என்றார். ஒன்று. இன்னொன்று. பிள்ளைகளின் சத்தம். இன்னும் ஒன்று. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

லைன் அறுந்தது. பாழாய்ப்போன வளைவு.

என் வாழ்க்கையில் நான் வேண்டாத தெய்வங்களை எல்லாம் அந்த வளைவில் வேண்டிக்கொண்டேன். சாரதி என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். சிக்னல் வந்த கையோடு போனும் வந்தது.

"டீச்சர், பயம் வேணாம்" என்று அந்தச் சிங்கள டீச்சர் தனக்குத் தெரிந்த தமிழைப் பொறுக்கி எடுத்துச் சொன்னார். "பபா, புள்ள, இங்க இருக்கி. நல்லா இருக்கி."

பஸ்ஸின் நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாய்மார் அழுதார்கள். தாய்மார் அழுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் அழுதார்கள். அந்தப் பையன் மட்டும் யாரோ கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தான்.

அவருடைய பஸ் அந்த நெரிசலில் திரும்ப வழியில்லை. "நீங்கள் டவுனுக்கு வர வேண்டாம், கலஹா சந்தியில் நில்லுங்கள், நானே கொண்டுவருகிறேன்" என்றார். தன் பள்ளிப் பிள்ளைகளைக் கூட வந்த தாய்மாரிடம் ஒப்படைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்தார். யாரையாவது அனுப்பியிருக்கலாம். என்னை வரச் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியும் இருக்கலாம், நான் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

சந்தியில் ஒரு கடை வாசலில் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருகிற ஒவ்வொரு ஆட்டோவுக்கும் இரண்டடி முன்னால் போவேன், பின்னால் வருவேன். கடைசியில் ஒன்று வந்து நின்றது. முதலில் அந்த டீச்சர் இறங்கினார். அவருடைய தோளில் சேறும் ஈரமுமாய் நடைக் கயிறு முழுவதும் சுருட்டிக் கிடந்தது. கயிறு ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்குப் பின்னால், அந்தக் கயிற்றின் வளையம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் மீன் இறங்கினாள்.

விஷயத்தை அவர் பிறகு சொன்னார். பஸ்ஸில் ஏறியதும் அவர் சிங்களத்தில் கை விடச் சொல்லியிருக்கிறார், எல்லாப் பிள்ளைகளும் விட்டுவிட்டார்கள். ஜன்னலோரத்து நீலத் தொப்பி மட்டும் விடவில்லை. தங்கள் மீன் பையன் கயிற்றை வைத்து விளையாடுகிறான் போல, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். ஆள் யார் என்று தெரிந்த பிறகும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாராம். இனிப்புக் காட்டினாராம். அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை, விடவும் இல்லை. விரலைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் கயிற்றோடேயே கூட்டிக்கொண்டு வந்தேன் என்றார்.

எறும்போடும் சாக்குப்பையோடும் பேசுகிற பிள்ளை, என் முன்னால் வந்து வாயைத் திறக்காமல் நின்றாள். விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பிறகு ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்.

"டீச்சர், நான் கைய விடவே இல்ல."

நான் மழைத் தண்ணீரில் முழங்காலில் உட்கார்ந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "வந்துட்டோம், கை விடலாம்" என்றேன்.

வளையத்தை விட்டாள். விட்ட பிறகுதான் அழுதாள். அப்படி ஒரு அழுகை. அவ்வளவு நேரமும் அத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பக்கத்தில் அந்த டீச்சர் பையனைத் தூக்கி வைத்து உச்சந்தலையை முகர்ந்துகொண்டிருந்தார். கடைக்காரர் கேட்காமலே இரண்டு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கிளம்பும்போது அவர் என் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனார். பெயரைக்கூட அப்போதுதான் கேட்டுக்கொண்டோம்.

அன்று மாலை மீனின் அம்மாவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம், பிள்ளைதான் பத்திரமாக வந்துவிட்டதே என்று பஸ்ஸில் ஒரு யோசனை வராமல் இல்லை. அவர் கத்தவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். திங்கட்கிழமை மீன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் மீன் பை மாட்டும் ஆணியைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். புதன்கிழமை அம்மாவும் மகளும் சேர்ந்து வாசலில் வந்து நின்றார்கள்.

"அடுத்த பயணத்துக்குப் பேரு போனாலும் பரவால்ல டீச்சர், நானும் வர்றேன்" என்றார். மீன் உள்ளே ஓடிப்போய்த் தன் ஆணியில் பையை மாட்டினாள்.

நடந்ததை அந்த வட்ஸ்அப் குழுவில் ஒளிக்காமல் சொன்னேன். குண்டசாலை டீச்சரும் தன் பங்கைச் சொன்னார். இப்போது மேடம் பயிற்சியில் படத்தாள் கொடுக்கும்போது வகுப்புக்கு வகுப்பு வேறு படம் கொடுக்கிறார். வளையம் பார்த்தால் போதாது, ஒவ்வொரு தொப்பியையும் தூக்கி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்றும் சொல்லித்தருகிறார். நானும் அப்படித்தான் செய்கிறேன். நேரம் ஆகிறது, பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார், அடிக்கட்டும்.

கயிற்றை நான் தூக்கிப்போடவில்லை. இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கோயில் வரை போய் வருகிறோம். ஆனால் பள்ளி வாசலுக்குத் திரும்பி வந்து "வந்துட்டோம், கை விடலாம்" என்று சொல்லப் போகும்போது, எதற்கும் நில்லாத என் வாய் கொஞ்சம் நிற்கிறது. நாம் சொல்லும் ஒரு வார்த்தையை ஒரு சின்னப் பிள்ளை எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு வரும் என்று எனக்கு இப்போது தெரியும்.